பாதை யார் பெயரில் இருக்கிறது?

2015 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்தில் ஆறு யானைகளைப் பிடித்தார்கள். மயக்க ஊசி, கும்கிகள், லாரிகள். தண்டராம்பட்டு, தானிப்பாடிப் பக்கத்துக் காடுகளிலும் கரும்புக் கொல்லைகளிலும் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்த கூட்டம் அது. பிடித்து, மேற்கு மலைகளில் உள்ள முகாம்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் நான் முதுகலை வகுப்பில் மலைபடுகடாம் நடத்திக்கொண்டிருந்தேன். கட்டுரைக்காகச் சேர்த்துக்கொண்ட பொருத்தமில்லை இது. பாடத்திட்டம் அப்படி அமைந்தது, அவ்வளவுதான்.

தானிப்பாடிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேடம், வழி தவறி வந்த யானைன்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. இத்தன வருசமாவா வழி தவறும்?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த அடிக்குப் போனேன். அந்தச் சிரிப்பு இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. அவள் கேட்டது நகைச்சுவை இல்லை. யானை வழி தவறியதா, அதன் வழியை நாம் பட்டா போட்டு விற்றுவிட்டோமா என்று கேட்டாள். பத்து வருஷம் கழித்து அவளுக்குப் பதில் எழுதுகிறேன்.

மலைபடுகடாம் எங்கள் ஊர்ப் பக்கத்து நூல். பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன், அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். அவன் மலையான நவிரத்தைப் பர்வதமலை என்று சொல்கிறார்கள். மலையை யானையாக வைத்து, அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகக் கண்ட பெயர் இது. இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரில் வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் போங்கள். புனம் காப்பவர்கள் பரண்மேலிருந்து யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள். இப்படியே போகிறது. பிடித்த யானையைப் பழக்கும் பாகர்கள் வேற்றுமொழி கலந்து பேசும் ஓசைகூட அந்த மலையின் ஓசைகளில் ஒன்றாக வருகிறது. விளைநிலம் எங்கே, விலங்கு எங்கே, ஆள் நடக்கும் இடம் எங்கே, மூன்றும் எந்த நேரத்தில் குறுக்கிடும் என்று சொல்லும் ஒரு நிலப் பயன்பாட்டு ஆவணம் இது. இன்று அரசு அலுவலகங்களில் தூங்கும் பல வரைபடங்களைவிட உபயோகமானது.

முனைவர் பட்டத்துக்காக ஆற்றுப்படைகளைப் பல வருஷம் படித்தவள் நான். அப்போது கண்ணில் படாத ஒன்று, அந்த மாணவிக்குப் பிறகுதான் பட்டது. கூத்தர் கூட்டத்தில் விறலியர் இருக்கிறார்கள், அதே கல்லிலும் முள்ளிலும் நடக்கிறார்கள். ஆனால் வழி சொல்லப்படுவது கூட்டத்தின் தலைவனுக்கு. நடப்பது எல்லோரும், வழி ஒருவனிடம். இன்றைக்கும் மலை மாவட்டங்களில் திட்டம் போடும் மேசையைப் பாருங்கள். பெரிதாக எதுவும் மாறவில்லை.

*

அந்த ஆறு யானைகள் எங்கிருந்து வந்தன? 1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் கிழக்கே நகரத் தொடங்கின. பல தலைமுறைகளாக யானையே இல்லாதிருந்த சித்தூர் மாவட்டத்துக்குள் போயின. ஆந்திர அரசு 1990இல் அங்கே கவுண்டின்யா சரணாலயத்தை அறிவித்தது. கிருஷ்ணகிரிக் குன்றுகள், குப்பம், ஜவ்வாது மலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலை துண்டு துண்டாகக் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல் ஒரே சுவராக நிற்பதில்லை. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே மாந்தோப்பு, கிரானைட் குவாரி, நெடுஞ்சாலை, கரும்பு, மல்லாட்டை. யானை அந்த இடைவெளியைத்தான் கடக்கவேண்டும். நாம் காப்பாற்றுவதோ துண்டுகளை மட்டும். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கல்லுக்கு அப்பால் என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்பதை வனத்துறை தீர்மானிப்பதில்லை. அது வேறு அலுவலகம்.

இந்த ‘வேறு அலுவலகம்’தான் என் சண்டையின் மையம். வழித்தடம் வனத்துறையின் கோப்பில் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கோப்பில். பட்டா வருவாய்த் துறையில். பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில். சாலை நெடுஞ்சாலைத் துறையில். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே மண்டலத் திட்டம் என்ற ஒன்று உண்டு. ஒரு வட்டாரம் முழுவதையும் ஒன்றாகப் பார்த்து, இது வேளாண்மைக்கு, இது குடியிருப்புக்கு, இது காட்டுக்கு என்று பிரிப்பதற்கானது. நடைமுறையில் நாம் பெரும்பாலும் நகரங்களுக்கான முழுமைத் திட்டத்தோடு நின்றுவிட்டோம். மலைக் கிராமங்களுக்காக 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தார்கள். ஹாக்கா என்பார்கள். அது ஒவ்வொரு மனுவாக வரும்போது ‘சரி’, ‘இல்லை’ சொல்லும் வாசற்கதவு. திட்டம் என்பது வேறு. மனு வருவதற்கு முன்பே நிலத்தின்மேல் கோடு இருக்கவேண்டும்.

கோடு பின்னால் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியின் சீகூர் இருக்கிறது. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே, மேற்கு மலையும் கிழக்கு மலையும் சந்திக்கும் பீடபூமி அது. மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் என்று பெயர்களைச் சொன்னாலே நம் ஆண் நண்பர்கள் சிலர் தாங்கள் தங்கிய விடுதியின் பெயரைச் சொல்வார்கள். 2010 ஆகஸ்டில் அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாக வழித்தடத்தின் பக்கம் நின்றது, மறுப்புகளை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்தது. பத்து வருஷ வழக்கு. அதற்கு முன் விடுதிகள் எழும்பிய வருஷங்களில் ஒவ்வொரு செங்கல்லுக்கும் யாரோ ஓர் அலுவலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அல்லது போடாமல் கண்ணை மூடியிருக்கிறார். தீர்ப்பு வந்து மூன்று மாதத்துக்குள், 2021 ஜனவரியில், மசினகுடியில் தங்கும் விடுதிக்குள் வந்த யானையின்மேல் தீப்பற்றிய பொருளை எறிந்தார்கள். காதில் நெருப்போடு அது ஓடும் காட்சியை நாடே பார்த்தது. யானை இறந்துபோனது.

அந்தக் காட்சியைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அழுதவர்கள் கேட்காத ஒரு கேள்வி உண்டு. விடுதி மூடினால் முதலாளிக்கு வழக்கறிஞர் இருக்கிறார், வேறு ஊரில் வேறு சொத்து இருக்கிறது. அந்த விடுதியில் பாத்திரம் தேய்த்தவள், படுக்கைவிரிப்பு துவைத்தவள், மறுநாள் எங்கே போனாள்? அவள் முதலில் அந்த விடுதிக்கு எப்படி வந்தாள்? அவள் வீட்டு ஆடுமாடு மேய்ந்த நிலம் கைமாறியபோது, பத்திரத்தில் அவள் கையெழுத்து இருந்ததா? நம் நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருப்பவை சுமார் 14 விழுக்காடு. களையெடுப்பது, நாற்று நடுவது, அறுப்பது யார் என்று கணக்கெடுத்தால் எண்ணிக்கை தலைகீழாகும். ஆக மலையில் நிலத்தை விற்று வழித்தடத்தை அடைத்தது பெரும்பாலும் ஆண்களின் கையெழுத்து. அடைபட்ட யானை ராத்திரியில் வந்து நிற்பது பெண்களின் வாசலில்.

*

மாணவியின் அம்மாவை அந்த வருஷமே பார்த்தேன். குத்தகைக் கரும்பு. யானை வந்த ராத்திரிகளில் வீட்டு ஆண்கள் பட்டாசும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார்கள், ஊரே அதை வீரம் என்று சொல்லும். இவள் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் உள்ளே வைத்துக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “ஆம்பளைங்களுக்கு யானை எங்க நிக்குதுன்னு தெரியும்மா. எங்களுக்கு சத்தம் மட்டும்தான்” என்றாள். விடியும் முன் ஒதுங்கப் போகமுடியாது, சுள்ளி பொறுக்கப் போகமுடியாது. யானை நசுக்கிய கரும்புக்கு இழப்பீடு கேட்கப் போனால் பட்டா நகல் கேட்டார்கள். குத்தகைக்காரிக்கு ஏது பட்டா? நிலத்துக்காரர் வாங்கிக்கொண்டார். அவர் அதில் பங்கு கொடுத்தாரா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அவள் மகளைப் பார்த்து நான் சிரித்தது போன்ற சிரிப்பு இல்லை அது.

பயிருக்கு இழப்பீடு உண்டு. யானை வந்த வாரத்தில் அந்தக் கொல்லையில் கூலிக்குப் போகமுடியாமல் போன பத்துப் பெண்களின் கூலிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. பயந்து கல்லூரியை நிறுத்தின பெண்ணின் படிப்புக்கும் இல்லை. என் வகுப்பிலேயே ஜவ்வாது மலையிலிருந்து வருகிற பெண்களுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டில் நடக்கவேண்டும். யானையோ கரடியோ என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது மகளின் படிப்பு. மகனுக்கு வண்டி வாங்கித் தருவார்கள்.

இங்கே நான் மூன்று பேரோடு சண்டை போடவேண்டியிருக்கிறது. மூவரும் நண்பர்கள்தான்.

முதலாமவர் காட்டுயிர் ஆர்வலர். நல்ல கேமரா வைத்திருப்பார். மனிதர்களை வெளியே எடுத்தால் காடு பிழைக்கும் என்பார். எந்த மனிதர்கள் என்று கேட்டால் பதில் தடுமாறும். கூடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசே காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது. அந்தத் தேயிலையைப் பறித்த பெண்கள் அங்கே தாமாக வந்து குடியேறியவர்கள் இல்லை. இரண்டு அரசுகள் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்ட உடல்கள் அவை. இன்று அவர்கள் பேத்திகளைப் பார்த்து ‘வழித்தடத்தை ஆக்கிரமித்தவர்கள்’ என்று சொல்வதற்கு நாக்கு கூசவேண்டும். யானைக்கும் அவர்களுக்கும் நடுவே அந்த எஸ்டேட்டை வரைந்த கை யாருடையது என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாமவர் தோழர். யானை, புலி எல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, மக்கள்தான் முக்கியம் என்பார். ‘மக்கள்’ என்று அவர் சொல்லும்போது ஒலிபெருக்கியைப் பிடித்திருப்பது எப்போதும் நிலம் வைத்திருக்கும் ஓர் ஆண். வழித்தடம் வேண்டாம் என்று ஊர்வலம் போகிறவர்களின் முன்வரிசையில் கூலிப் பெண்களை நிறுத்துவார்கள், பின்வரிசையில் மனை வியாபாரிகள் நிற்பார்கள். வழித்தடம் இல்லாமல் போனால் யானை மறைந்துவிடாது தோழர். அது லயத்துக்கும் கழிவறைக்கும் நடுவில் வந்து நிற்கும். அடைபட்ட பாதையின் செலவை ரத்தமாகக் கொடுப்பது நீங்கள் சொல்லும் அந்த மக்களில் கடைசி ஆள்.

மூன்றாமவர் எங்கள் ஆட்களிலேயே இருக்கிறார். பெண்ணும் இயற்கையும் ஒன்று, யானைக் கூட்டத்துக்குத் தலைமை தாய்தானே, நாமும் அப்படித்தான் என்று கவிதை எழுதுவார். நானே எழுதியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். யானைக் கூட்டத்தை மூத்த பெண் யானை நடத்துகிறது என்பது உண்மை. தான்சானியாவின் தராங்கிரேயில் 1993இல் கடும் வறட்சி வந்தபோது, பூங்காவை விட்டு வெளியேறித் தண்ணீர் தேடிய கூட்டங்களில் கன்றுகள் குறைவாகச் செத்தன. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வறட்சியைத் தாண்டி வந்த வயது அந்த மூத்த யானைகளுக்கு இருந்தது என்று ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள். வழி என்பது அதன் தலைக்குள் இருக்கும் நினைவு. நடுவில் ஒரு சுவர் எழும்பினால் அந்த நினைவுக்குப் பொருள் இல்லாமல் போகிறது. இதை நான் அறிவியலாக மதிக்கிறேன். ஆனால் சுள்ளி பொறுக்கும் பெண்ணை யானையோடு சேர்த்து ‘இயற்கை’ ஆக்கிவிட்டால் லாபம் யாருக்கு? இயற்கைக்குப் பட்டா தேவையில்லை, கூலி தேவையில்லை, கூட்டத்தில் நாற்காலி தேவையில்லை. எங்களை மலையாக்கி, நதியாக்கி, தாயாக்கி, கடைசியில் படிவத்தில் பெயர் இல்லாமல் ஆக்கிய வேலை பழையது. எனக்கு யானையின் தங்கை ஆகவேண்டாம். வரைபடம் போடும் மேசையில் இடம் வேண்டும்.

*

2024 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாட்டு யானை வழித்தடங்கள் பற்றிய வரைவு அறிக்கை வெளியானது. 42 வழித்தடங்கள். முந்தைய ஆண்டு ஒன்றிய அரசின் யானைத் திட்டம் நாடு முழுவதற்குமாக வெளியிட்ட பட்டியலில் 150 இருந்தன. மாநில அளவில் நுணுகிப் பார்த்தது நல்ல முயற்சி. ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் ஒரு வாரம்கூட இல்லை. மக்களவைத் தேர்தலுக்கு வாக்குப் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்த வெயில் மாதம். கூடலூரில் ஊர் ஊராகக் கொதித்தார்கள். கொதிக்காமல் என்ன செய்வார்கள்? தன் வீடு கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஒரு தேயிலைத் தொழிலாளிப் பெண் தெரிந்துகொள்ள, ஆங்கிலம் படித்த ஒருவர் வேண்டும், கணினி வேண்டும், அட்சரேகை தீர்க்கரேகையைச் சர்வே எண்ணாக மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். மூன்றும் யாரிடம் இருந்தன? நில வியாபாரியிடம். அவன் சொன்னதே அவளுக்குச் செய்தி ஆனது. உயிரியலை எதிர்த்து எழுந்த கோபம் என்று இதைப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அப்படித் தெரியவில்லை. மொழியை மறைத்தவர்கள்மேல் எழுந்த கோபம், போய்ச் சேர்ந்தது யானையின்மேல்.

தமிழ்த்துறைக்காரியாக ஒன்று சொல்லியாகவேண்டும். சங்கப் பாட்டில் திணை என்று நாம் வகுப்பில் ஒப்பிப்பது நிலத்தை அதன் உயிர்களோடும் வேலையோடும் பொழுதோடும் சேர்த்துப் பிரித்துப் பார்த்த முறை. அந்த மொழியிலேயே ஒரு நில வரைபடத்தைச் சொல்ல முடியாது என்று ஒரு துறை நினைக்கிறது என்றால் குற்றம் துறைக்கு மட்டும் இல்லை. திணையை மதிப்பெண்ணுக்கு மட்டும் நடத்திய எங்களுக்கும் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மலைக் கிராமங்களிலிருந்து பெண்களை வேனில் அழைத்து வந்திருந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்து, புகைப்படம், பிஸ்கட், டீ. இரண்டரை மணி நேரத்தில் பேசிய பெண் ஒருவர். யானை எந்த ஓடை வழியாக எந்த மாதத்தில் இறங்கும் என்று சொல்லத் தொடங்கினார். ‘அதெல்லாம் எங்ககிட்ட டேட்டா இருக்கும்மா, உங்க கோரிக்கையைச் சொல்லுங்க’ என்றார் மேடையில் இருந்தவர். அந்த அம்மா தன் கோரிக்கையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தகவல் கொடுக்கத் தகுதி இல்லாதவள், தகவலால் ஆளப்படமட்டும் தகுதி உள்ளவள் என்று முடிவு செய்துவிட்ட மேடை அது. ஊராட்சிகளில் 50 விழுக்காடு இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் செய்த மாநிலம் நம்முடையது. மலையில் எதைக் கட்டலாம் என்று முடிவாகும் அறைகளில் அந்த 50 விழுக்காடு வாசலோடு நின்றுவிடுகிறது.

*

இதெல்லாம் நீலகிரிக் கதை, திருவண்ணாமலைக்கு என்ன என்று இங்கே கேட்பார்கள். எங்கள் ஊருக்கு யானை என்றால் கோயில் யானை ருக்கு. 2018 மார்ச்சில் அது இறந்தபோது ஊரே தெருவுக்கு வந்து அழுதது, நானும் பூ வாங்கிப் போட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆறு யானைகள் லாரியில் போனபோது யாரும் அழவில்லை. சங்கிலி போட்ட யானை தெய்வம், நடக்கும் யானை தொல்லை. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கும் தெருவில் நடக்கும் பெண்ணுக்கும் இந்த ஊர் வைத்திருக்கும் அளவுகோல் இதே போன்றதுதான் என்று எழுதலாம். ஆனால் இப்போதுதான் அப்படிக் கவிதை பண்ணாதே என்று திட்டினேன். விடுகிறேன்.

மலைக்கு வருவோம். அண்ணாமலை இன்று ஒரு தீவு. சுற்றிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, அதற்கு வெளியே விடுதி, ஆசிரமம், பிளாட், கார் நிறுத்துமிடம். மலையில் மான்கள் இருக்கின்றன. கோடையில் தண்ணீருக்கு இறங்கும் மான் நாய் வாயிலும் வண்டிச் சக்கரத்திலும் சாவது உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு பத்திச் செய்தி. பக்கத்தில் கவுத்தி மலையும் வேடியப்பன் மலையும் இருக்கின்றன. இரும்புத்தாதுக்காக அவற்றை வெட்டத் திட்டம் வந்தபோது சுற்றுக் கிராமங்கள் எதிர்த்து நின்றன. அந்தக் காடுகளுக்கும் இந்த மலைக்கும் நடுவே இன்னும் பச்சையாகக் கிடக்கும் வயல்களும் ஏரிக்கரைகளும் புறம்போக்கும்தான் மிச்சமிருக்கும் வழி. 2024இல் நகரம் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி என்றால் மனை விலை ஏறும். அந்த மிச்சம் எந்த வரைபடத்திலும் வழியாகக் குறிக்கப்படவில்லை என்றால், குடியிருப்பாகத்தான் குறிக்கப்படும்.

அடிவாரம் என்பது விலங்கு இறங்கும் இடம் மட்டும் இல்லை. தண்ணீரும் மண்ணும் அங்கேதான் இறங்கும். ஏழைகளும் அங்கேதான் ஒதுங்குவார்கள், ஏனென்றால் ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகருக்கு மேலே மலை சரிந்தது. பாறையும் மண்ணும் ஒரு வீட்டை மூடியதில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு, அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகள் மூன்று. உடல்களை எடுக்க நாள்கணக்கில் ஆயிற்று. மண்ணைச் சோதிக்க நிபுணர்கள் வந்தார்கள். ஊரில் அவர்களிடம் எல்லோரும் கேட்ட கேள்வி, பன்னிரண்டு நாளில் தீபம், பக்தர்களை மலையேற விடலாமா கூடாதா என்பது. (அந்த வருஷம் விடவில்லை.) அந்தச் சரிவில் குடியிருக்க விடலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபோது ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லோடு வந்தது.

விடுதிகளில் தரை துடைக்கும், இட்லிக் கடையில் மாவு அரைக்கும் பெண்கள் இந்த அடிவாரத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். ஊருக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வருகிறவர்களுக்குச் சேவை செய்யும் உழைப்பு இங்கே தூங்கி எழுகிறது. அவர்களுக்கு ஊருக்குள் வீடு என்று திட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டு அடிவாரத்தைக் காலி செய்யுங்கள், நான் முதலில் கை தூக்குகிறேன். ஒதுக்காமல் ‘இது மலையின் வழி, விலகு’ என்றால், யானையைப் பிடித்து லாரியில் ஏற்றியதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

ஆக, நான் கேட்பது வழித்தடம் வேண்டாம் என்று இல்லை. வேண்டும். சட்டத்தின் பலத்தோடு வேண்டும். பூட்டான் போன்ற சிறிய மலை நாடு 1999லேயே தன் பூங்காக்களை உயிரியல் வழித்தடங்களால் இணைப்பதாக அறிவித்துவிட்டது. நம் சட்டத்தில் மண்டலத் திட்டம் என்ற சொல் 1971லிருந்து காத்திருக்கிறது. ஜவ்வாது, கல்ராயன், தென்பெண்ணைக் கரை, கவுத்தி, அண்ணாமலை இவற்றைச் சேர்த்து ஒரு மண்டலமாகப் பாருங்கள். வழித்தடத்தை அதில் சர்வே எண்ணோடு எழுதுங்கள். அந்த எண்ணில் விளைநிலம் விளைநிலமாகவே இருக்கட்டும், மனைப்பிரிவாக மாறக்கூடாது. வில்லங்கச் சான்று வாங்குகிறவன் கண்ணிலேயே அது படவேண்டும். விற்றபின் வழக்கு நடத்துவதற்குப் பதில், விற்குமுன் நிறுத்துங்கள். அப்படி நிறுத்துவதால் மனை விலை கிடைக்காமல் போகும் சிறு விவசாயிக்கு ஈடு என்ன என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அந்த ஈடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரட்டும். குத்தகைக்கும் கூலிக்கும் படிவத்தில் கட்டம் போடுங்கள்.

முடியாத காரியம் இல்லை. வால்பாறையில் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவே காட்டுத் துண்டுகள் வழியாக யானைகள் இன்றும் நடக்கின்றன. மாலையில் யானை எங்கே நிற்கிறது என்று தொழிலாளர்களுக்குக் கைப்பேசியில் செய்தி போகிறது, உள்ளூர் டிவியில் ஓடுகிறது, சாலை முனையில் சிவப்பு விளக்கு எரிகிறது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் பல வருஷம் அங்கேயே இருந்து, சாவுகள் பெரும்பாலும் யானை இருப்பதே தெரியாமல் நடந்தவை என்று கண்டுபிடித்துச் செய்த ஏற்பாடு இது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு தாழ்போட்டு உட்கார்ந்திருந்தாளே ஒருத்தி, அவளுக்குத் தேவையாக இருந்தது அந்தச் சிவப்பு விளக்குதான். 2015இல் இங்கே யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை, பிடிப்பதுதான் தோன்றியது. கோபத்தோடு சொல்கிறேன்: பிடிப்பது செய்தியாகும், விளக்கு போடுவது செய்தியாகாது.

அந்த மாணவி இப்போது அவள் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. போன வருஷம் எட்டுப் பெண்களை உட்கார வைத்து, ஓடை, புளியமரம், களம், பழைய யானைத்தடம், புதிய கம்பிவேலி எல்லாம் போட்டு ஒரு சார்ட் தாளில் வரைபடம் வரைந்தாள். ஒவ்வோர் இடத்துக்கும் சர்வே எண் எழுத அவள் அம்மா கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று நடை நடந்திருக்கிறார். கிராம சபையில் அதைக் கொடுத்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் பொருள் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று பதில். இந்த முறை நிகழ்ச்சி நிரலிலேயே சேர்க்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். கூடவே இன்னொரு வரி: சபையைக் காலை பதினொரு மணிக்குக் கூட்டவேண்டாம், அது களையெடுப்பு நேரம், மாலை ஐந்துக்குக் கூட்டவும். மனுவைத் தமிழில் நான் திருத்தினேன். அவள் என் திருத்தங்களில் இரண்டை அடித்துவிட்டு, பழையபடியே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.